ஏழாம் கூறு

வெள்ளிக்கு முன் வேண்டுமாம் பீடச் சபைக்கு,
துறையின் முன்னேற்றம்
இரண்டு பக்கத்தில்.

எழுதுகிறேன்.
அங்கீகரிக்கப்பட்ட ஆளணி ஒன்பது. இருப்போர் நால்வர்.
நால்வரில் ஒருவர் கற்கை விடுப்பில்,
ரொறன்ரோவில் இன்னும் பனி விலகவில்லை என்று
மின்னஞ்சல் போட்டிருந்தார்,
பிணைமுறிக் காசைத் தவணையில் கட்டலாமா என்ற கேள்வியோடு.
"கலாநிதிப் பட்டம், நிறைவுறும் தறுவாயில்."
பொய்யில்லை.

உளவியல் எடுக்கும் சியாமினி தற்காலிகம்.
ஆறு வருடமாகத் தற்காலிகம்.
மாசியில் முடியும் கடிதம்
பங்குனி நடுவில்தான் திரும்பப் பிறக்கும்.
இடைப்பட்ட நாட்களிலும் சம்பளமின்றி வந்து
கண்ணில் படாத பொருளும் எங்கோ இருக்கிறதென்று
குழந்தை எந்த வயதில் நம்பத் தொடங்கும்
என்று படிப்பிக்கிறாள்.

புதிய வசதிகள்:
நுண்கற்பித்தல் ஆய்வுகூடம் திறக்கப்பட்டது,
ஒருபக்கக் கண்ணாடியோடு.
பொருத்த வந்தவர் புறம் மாற்றிப் பொருத்திவிட்டார்.
மாணவர்கள் எங்களைப் பார்க்கிறார்கள்.
நாங்கள் தலைமயிரை ஒதுக்குகிறோம்.
(விலைமனு கோரப்பட்டுள்ளது.)

கற்பித்தல் பயிற்சி மேற்பார்வை:
பாடசாலைகள் முப்பத்தொன்று, வாகனம் ஒன்று,
அதுவும் பீடாதிபதிக்குக் கூட்டமில்லாத நாளில்.
ஐப்பசியில் ஒரு செவ்வாய்
மாங்குளத்தில் பஸ் மாறி
ஒட்டுசுட்டானில் இறங்கி
தபாற்காரரின் மோட்டார்சைக்கிளில் தொற்றிப் போனேன்.
இரவு கடந்த யானையின் இலத்தி
ரோட்டில் இன்னும் ஆவி விட்டது.

லோகிதன், மூன்றாம் வருடம்.
தரம் ஐந்து, பாடம் கொள்ளளவு.
பதினாலு பிள்ளைகள், பதின்மூன்று கதிரை.
நான் பின்வாங்கில் படிவத்தோடு,
இருபது கூறு, கூறுக்கு ஐந்து புள்ளி.
பாடத்திட்டம், நான்கு.
பிரவேசம், நாலரை.

பிடித்தது மழை.
தகரக் கூரை.
பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு
எட்டேழில் அறுந்தது.
லோகிதனின் வாய் கொஞ்சம் அசைந்து, பிறகு நின்றது.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் படிவத்தைப் பார்த்தேன்.
ஏழாம் கூறு: குரல் தெளிவு.

சோக்கட்டியை எடுத்துப் பலகையில் எழுதினான்,
"இது எத்தனை லீற்றர்?"
கதவைத் திறந்துவிட்டான்.

பீலித் தண்ணிக்குக் கீழே
வாளி, போத்தல், சோற்றுப்பெட்டி மூடி,
ஒருத்தி தன் சப்பாத்தைக் கழற்றிப் பிடித்தாள்.
கணக்கை விரலால் சொன்னார்கள்.
பத்து விரலும் போதாத ஒருவன்
பக்கத்தில் நின்றவளின் கையையும் சேர்த்து உயர்த்தினான்.
நாற்பது நிமிடம்
ஒரு சொல்லும் கேட்கவில்லை.

வெளித்தபோது பலகையில்
பதினாலு கையெழுத்தில் பதினாலு விடை.
அதிலொன்று:
"என்ர சப்பாத்து ஓட்டை சேர், அளக்கேலாது."

ஏழாம் கூற்றுக்கு என்ன போடுவது?
பூச்சியம் போட்டால் பொய்.
ஐந்தும் பொய்.
வெறுமையாய் விட்டு வந்தேன்.

பரீட்சைப் பிரிவு திருப்பி அனுப்பியிருக்கிறது,
சிவப்பு வட்டம் போட்டு.
முழுமையற்ற படிவம், பெறுபேறு நிறுத்திவைப்பு.
இன்று காலை வாசலில் நின்ற லோகிதன்
"மிஸ், என்னில ஏதும் பிழையோ?" என்றான்.
படிவத்தில் என்றேன்.
நம்பாமல் போனான்.

அறிக்கை ஒன்றரைப் பக்கத்தில் நிற்கிறது.
எதிர்காலத் திட்டங்கள்.
"மேற்பார்வைப் படிவம் மீளாய்வு செய்யப்படும்."
அழித்தேன். யாரால் செய்யப்படும்?
"படிவத்தை நான் மாற்றுவேன்."

தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள் சியாமினி.
"அறிக்கையில நான் எண்டு எழுதுறேல்லை மிஸ்,
நாம் எண்டு போடுங்கோ."

மாசி முடிய அவளுக்கு
இன்னும் ஒன்பது நாள்.